எங்கள் மொட்டைமாடிப் பாட்டுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் மாதத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கூடி உட்கார்ந்து பாட்டுக் கேட்கிறோம். எப்போதோ ஒருமுறை காதில் விழுந்து, என்ன படம், யார் எழுதியது என்று தெரியாமலே கடந்துபோன பாட்டுகள். வருகிறவர்களும், வரலாமா என்று யோசிக்கிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே ஒரே இடத்தில் பதில் எழுதி வைக்கிறேன்.

இது எப்படி ஆரம்பித்தது?

தானே புயலில் ஆரம்பித்தது. 2011 டிசம்பர் 30ஆம் தேதி காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் அது கரையைக் கடந்தபோது எங்கள் தெருத் தென்னைகளில் பாதி சாய்ந்துவிட்டன. கிராமப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு போயின. கரன்ட் கம்பங்கள் விழுந்து நாள்கணக்கில் ஊரே இருட்டில் கிடந்தது. ராத்திரி சாப்பிட்டு முடித்தால் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. மாடிக்குப் போய் உட்காருவோம். பக்கத்து வீட்டு மாடியும் எங்கள் மாடியும் ஒட்டியே இருக்கும், நடுவில் முழங்கால் உயரக் கைப்பிடிச் சுவர்தான்.

அப்படி ஒரு ராத்திரி, பக்கத்து வீட்டு ஆயா பேத்தியை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டே ஒரு பாட்டை முனகினார். 'தென்னங்கீற்று ஊஞ்சலிலே' என்று தொடங்கியது. கீழே தெரு முழுக்கத் தென்னங்கீற்று வெட்டிக் குவித்துக் கிடக்கிறது. அந்த இருட்டில், அந்தப் பச்சை வாசனையில் அந்த வரியைக் கேட்டது எனக்கு என்னவோ செய்தது. "ஆயா, இது என்ன படத்துல வருது?" என்று கேட்டேன். "அதெல்லாம் தெரியாது தம்பி. ரேடியோவுல கேட்டது. உங்க தாத்தா இருந்தப்போ" என்றார்.

கரன்ட் வந்த பிறகு தேடினேன். 1960இல் வந்த 'பாதை தெரியுது பார்' படம். நிமாய் கோஷ் இயக்கியது. இசை எம். பி. சீனிவாசன். பாடியவர்கள் பி. பி. ஸ்ரீனிவாஸ், எஸ். ஜானகி. எழுதியவர் பெயரைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஜெயகாந்தன். 1934இல் இதே மஞ்சக்குப்பத்தில் பிறந்தவர். அவர் கதைகளைக் கல்லூரியில் படிக்கும்போதிலிருந்தே படிக்கிறேன்; அவர் சினிமாவுக்குப் பாட்டு எழுதியிருக்கிறார் என்பதும், அதை என் பக்கத்து வீட்டில் ஐம்பது வருஷமாக ஒருவர் பாடிக்கொண்டிருக்கிறார் என்பதும் தெரியாமல் இருந்திருக்கிறேன். போய்ச் சொன்னபோது ஆயா, "நம்ம ஊருப் புள்ளையா எழுதிச்சு?" என்று கேட்டார். அப்புறம் வீட்டுக்கு வருகிற எல்லாரிடமும் அந்தப் பாட்டைப் பாடிக்காட்டி, எழுதியது யார் என்று அவரே சொல்ல ஆரம்பித்துவிட்டார். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்துத்தான் இதைத் தொடங்கினேன்.

கூட்டத்தில் என்ன நடக்கும்?

பதினைந்து, இருபது பேர் வருவோம். ஆளுக்கு ஒரு பாட்டு, ஒன்றே ஒன்று. பாட்டுக்கு முன்னால் கொண்டுவந்தவர் இரண்டு மூன்று நிமிஷம் பேசலாம்: இது எப்படிக் கிடைத்தது, எதற்காக எல்லாரும் கேட்க வேண்டும் என்று. பிறகு பாட்டு. ஓடும்போது பேச்சு கூடாது. விரும்பினால் உடனே இரண்டாவது முறை போடுவோம். முதல் தடவை வார்த்தைதான் காதில் விழும். பின்னணியில் ஒரு புல்லாங்குழலோ தபேலாவோ என்ன செய்கிறது என்பது இரண்டாம் தடவைதான் தெரியும்.

நடுவில் டீ உண்டு. மழை வந்தால் கூடத்துக்கு இறங்கிவிடுவோம்.

எதைக் 'கவனிக்கப்படாத பாட்டு' என்கிறீர்கள்?

இதற்கு நான் கறாரான இலக்கணம் வைத்துக்கொள்ளவில்லை. படம் ஓடாததால் அமுங்கிப்போன பாட்டு உண்டு. படத்தில் இடம்பெறாமல் இசைத்தட்டில் மட்டும் வந்த பாட்டு உண்டு. 'அலைகள் ஓய்வதில்லை' தட்டில் எஸ். ஜானகி பாடிய 'புத்தம் புதுக் காலை' அப்படிப்பட்டதுதான். ஆனால் அது தன் சொந்தக் காலில் நின்று ஜெயித்துவிட்டது.

எனக்கு நெருக்கமானது இன்னொரு வகை. பாட்டு எல்லாருக்கும் தெரியும். அதைச் செய்த ஆளைத் தெரியாது. 'படித்தால் மட்டும் போதுமா' (1962) படத்தில் பி. சுசீலா பாடும் 'தண்ணிலவு தேனிறைக்க' யார் எழுதியது என்று கேளுங்கள். பத்தில் ஒன்பது பேர் கண்ணதாசன் என்பார்கள். எழுதியவர் மாயவநாதன். 'புதையல்' (1957) படத்தின் 'விண்ணோடும் முகிலோடும்' பாட்டை முணுமுணுக்காத பெரியவர்கள் உண்டா? அதை எழுதிய எம். கே. ஆத்மநாதன் பெயரைச் சொன்னால் முழிப்பார்கள். இதைவிடப் பெரிய ஆச்சரியம், நம் பக்கத்துக் கோயில்களில் விடியற்காலையில் குழாயில் போடுகிற 'விநாயகனே வினை தீர்ப்பவனே'. சீர்காழி கோவிந்தராஜன் குரல் எல்லாருக்கும் தெரியும். எழுதியவர் உளுந்தூர்பேட்டை சண்முகம். ஊர் பெயரே பெயரில் இருக்கிறது, பஸ் ஏறினால் போய்விடலாம், ஆனாலும் நமக்குத் தெரியாது.

இவையெல்லாம் கவனிக்கப்படாத பாட்டுகள் என்றே நான் கணக்கில் வைக்கிறேன். கேட்டால் மட்டும் கவனித்ததாகிவிடாது.

ஒரு பாட்டு மறக்கப்படுகிறது என்றால், அது அவ்வளவு நன்றாக இல்லை என்றுதானே அர்த்தம்?

இல்லை. இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்வேன்.

ஒரு பாட்டு நிலைப்பதற்கு அது நல்ல பாட்டாக இருப்பது மட்டும் போதாது. நிமிஷத்துக்கு 78 தடவை சுற்றுகிற பழைய 78 சுழற்சித் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிஷம்தான் இடம். அந்தக் காலப் படத்தில் பத்துப் பன்னிரண்டு பாட்டு இருக்கும். ஆகவே எதைத் தட்டில் போடுவது, எதை விடுவது என்று யாரோ ஒருவர் முடிவு செய்தார். அப்புறம் வானொலி. 1950களின் தொடக்கத்தில் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஒதுக்கி வைத்தபோது, ஜனங்கள் இலங்கை வானொலிப் பக்கம் முள்ளைத் திருப்பினார்கள். 1957 அக்டோபரில் அதே வானொலியின் சினிமாப் பாட்டுச் சேவையான விவித் பாரதி வந்த பிறகுதான் இங்கே நிலைமை மாறியது. நம் கடற்கரைக்கு இலங்கை நன்றாகவே கேட்கும். அவர்கள் கையில் எந்தத் தட்டு இருந்ததோ அந்தப் பாட்டு நம் வீட்டுக்கு வந்தது.

பிறகு கேசட் காலம். ரெக்கார்டிங் சென்டரில் போய், கோடு போட்ட தாளில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுப்போம். 60 நிமிஷக் கேசட்டில் பதிமூன்று பதினான்கு பாட்டு பிடிக்கும். காசு கொடுத்துப் பதிகிற இடத்தில் தெரியாத பாட்டுக்கு யார் இடம் கொடுப்பார்கள்? தெரிந்த பாட்டையே எழுதினோம். கடைக்காரரும் அடிக்கடி கேட்கிற பாட்டையே மாஸ்டர் கேசட்டில் வைத்திருந்தார். இப்போது போனும் அதே வேலையைத்தான் செய்கிறது. நேற்று எதைக் கேட்டோமோ அதற்குப் பக்கத்தில் இருப்பதையே இன்று நீட்டுகிறது.

ஆளைப் பொறுத்தும் உண்டு. வி. குமாரை எடுத்துக்கொள்ளுங்கள். நாடக மேடையிலிருந்து வந்தவர். கே. பாலசந்தர் இயக்கிய முதல் படமான 'நீர்க்குமிழி'யிலேயே (1965) 'ஆடி அடங்கும் வாழ்க்கையடா' தந்தவர். மேஜர் சந்திரகாந்த் படத்தின் 'ஒரு நாள் யாரோ', வெள்ளி விழாவில் எல். ஆர். ஈஸ்வரி கிசுகிசுப்பாகப் பாடும் 'காதோடுதான் நான் பாடுவேன்', சதுரங்கம் படத்தின் 'மதனோற்சவம்' எல்லாம் அவர்தான். இவற்றில் பாதியை எம். எஸ். விஸ்வநாதன் கணக்கில் எழுதிவிட்டுப் போகிறோம். மெல்லிசை மன்னரின் நிழல் அவ்வளவு பெரியது, அவ்வளவுதான் காரணம்.

ஹிட் பாட்டே போடமாட்டீர்களா?

போடுவோம், அதில் யாரும் கவனிக்காத ஒன்றை நீங்கள் காட்டுவதாக இருந்தால்.

எதிலிருந்து தொடங்கலாம்? சில பாட்டுகள் சொல்லுங்களேன்.

மேலே சொன்ன 'தென்னங்கீற்று ஊஞ்சலிலே'யிலிருந்து தொடங்குங்கள். அதை நான் எந்த நாளும் முதலில் வைப்பேன்.

அடுத்து 'அன்புள்ள அத்தான் வணக்கம்'. கைராசி (1960), பி. சுசீலா. ஒரு கடிதம் அப்படியே பாட்டாகிறது. 'வணக்கம்' என்று தொடங்குகிற காதல் கடிதம். இசை ஆர். கோவர்த்தனம். அதே வருஷம் அவருடைய அண்ணன் ஆர். சுதர்சனம் 'தெய்வப்பிறவி'க்கு இசையமைத்தார். அதில் 'அன்பாலே தேடிய என் அறிவுச்செல்வம்' பாடியவர் நம் மாவட்டத்துச் சிதம்பரம் எஸ். ஜெயராமன். அண்ணன் பாட்டையும் தம்பி பாட்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்பது எனக்கு மிகவும் பிடித்த வேலை. ஜெயராமன் குரலை மூக்கால் பாடுகிறார் என்று சொல்லித் தள்ளுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து அவசரப்படாதீர்கள். ஒரு வார்த்தையை எங்கே நிறுத்தி எங்கே விடுகிறார் என்று பாருங்கள். அதே மனிதர்தான் ரத்தக் கண்ணீருக்கு (1954) இசையமைத்து, 'குற்றம் புரிந்தவன்' பாட்டையும் பாடியவர்.

கோவர்த்தனம் 1976இல் 'வரப்பிரசாதம்' படத்துக்குச் செய்த 'கங்கை நதியோரம்', யேசுதாஸும் வாணி ஜெயராமும். இதை ராத்திரியில் கேளுங்கள்.

'மழை தருமோ என் மேகம்', மனிதரில் இத்தனை நிறங்களா (1978). எஸ். பி. பாலசுப்ரமணியம், எஸ். பி. ஷைலஜா. இசை ஷ்யாம். அவர் பிறகு மலையாளத்தில் பெரிய ஆளாகிவிட்டார், நாம் விட்டுவிட்டோம். எண்பதுகளில் வி. எஸ். நரசிம்மனின் 'ஆவாரம்பூவு ஆறேழு நாளா' (அச்சமில்லை அச்சமில்லை, 1984), தேவேந்திரனின் 'கண்ணுக்குள் நூறு நிலவா' (வேதம் புதிது, 1987). இந்த இரண்டையும் இளையராஜா என்று நினைத்துக் கேட்டவர்கள் எங்கள் மாடியிலேயே ஆறேழு பேர். அவர்கள் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டுமே!

ஒரே ஒரு வரிதான் ஞாபகம் இருக்கிறது. கண்டுபிடித்துத் தர முடியுமா?

பெரும்பாலும் முடியும். ஆனால் அந்த வரி மட்டும் போதாது. நான் இவற்றைக் கேட்பேன்: எங்கே கேட்டீர்கள், வீட்டு ரேடியோவிலா, கல்யாண வீட்டு மைக் செட்டிலா, தியேட்டரிலா? அப்போது உங்களுக்கு என்ன வயசு? ஆணா, பெண்ணா, இருவருமா? உங்கள் ஞாபகத்தில் இருப்பது பல்லவியா சரணமா? இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். பாட்டுப் பட்டியல்கள் எல்லாம் முதல் வரியை வைத்துத்தான் இருக்கின்றன. நம் மனசில் தங்குவதோ பல நேரம் சரணத்தின் உச்சியில் வருகிற ஒரு வரி.

பழைய பாட்டுப் புத்தகம் ஏதாவது வீட்டில் இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தியேட்டர் வாசலிலும் பஸ் ஸ்டாண்டிலும் விற்றார்களே, கதைச்சுருக்கம் போட்டு 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று முடியுமே, அதுதான். படத்திலிருந்து வெட்டப்பட்ட பாட்டுகூட அதில் முழுசாக அச்சாகியிருக்கும்.

ஒரே பெயர் வந்தால் ஜாக்கிரதை. 'தேன் சிந்துதே வானம்' என்று ஒரு பாட்டு இருக்கிறது, அது 1973இல் வந்த 'பொண்ணுக்கு தங்க மனசு' படத்தில், ஜி. கே. வெங்கடேஷ் இசையில். 'தேன் சிந்துதே வானம்' என்று ஒரு படமும் இருக்கிறது, அது 1975. அந்தப் படத்தில் யேசுதாஸ் பாடும் 'உன்னிடம் மயங்குகிறேன்' வி. குமாருடையது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு ஒரு நண்பரும் நானும் ஒரு மாதம் தவறான படத்தைத் தேடியிருக்கிறோம்.

வீட்டில் பழைய கேசட்டுகள் கிடக்கின்றன. என்ன செய்வது?

முதலில், உடனே போட்டுப் பார்க்காதீர்கள். நம் ஊர் உப்புக்காற்றில் ரீல் மேல் வெள்ளையாகப் பூஞ்சை படிந்திருக்கும். கேசட்டின் கண்ணாடி வழியாக வெளிச்சத்தில் பாருங்கள். பூஞ்சை இருந்தால் மற்ற கேசட்டுகளோடு சேர்க்காமல் தனியாக வையுங்கள். ஒரே டேப் ரெக்கார்டரில் போட்டால் ஒன்றிலிருந்து மற்றதற்கு ஒட்டும். நன்றாக இருந்தால், பென்சிலைக் கொடுத்து ரீல் சுற்றுகிறதா என்று பார்த்து, ஒருமுறை கடைசிவரை ஓட்டி, திரும்பச் சுற்றி, அப்புறம் போடுங்கள். வருஷக்கணக்கில் இறுகிக் கிடந்த ரீல் அப்போதுதான் தளரும். சத்தம் அமுங்கிக் கேட்டால் பல நேரம் காரணம் சின்னது: ரீலை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் பஞ்சுத் துண்டு உதிர்ந்திருக்கும். உதவாத வேறு கேசட்டிலிருந்து அதை எடுத்து ஒட்டிவிடலாம். மூடி திருகாணி போட்டதாக இருந்தால் வேலை சுலபம்.

டேப் ரெக்கார்டரின் ஹெட்போன் துளையிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒயர் கொடுத்து அடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பதியலாம். முதலில் சுருக்காமல் வேவ் ஃபைலாக வைத்துக்கொள்ளுங்கள். எம்பி3 அப்புறம் எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். இரைச்சலைக் குறைக்கிறேன் என்று கிளம்பிப் பாட்டின் உயிரை எடுத்துவிடாதீர்கள்.

இதில் ஒன்றைச் சொல்ல வேண்டும். திருப்பாதிரிப்புலியூரில் தையல் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் 90 நிமிஷக் கேசட் ஒன்றைக் கொண்டுவந்தார். ரேடியோ முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்து, அறைச் சத்தத்தோடு பதிந்தது. மூன்றாவது பாட்டின் சரணத்தில், பாடகியின் குரலுக்கு மேலே, "டேய், பால் பொங்குது பாரு, அடுப்பை அணைடா" என்று ஒரு பெண் குரல். பிறகு யாரோ ஓடுகிற சத்தம். பாட்டு அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. அண்ணன் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "எங்கம்மா" என்றார். அவர்கள் போய்ப் பதினெட்டு வருஷம் ஆகிவிட்டதாம். வீட்டில் அவர்கள் குரல் வேறெங்கும் பதிவாகவில்லை. அந்தப் பாட்டு இப்போது நல்ல தரத்தில் எங்கும் கிடைக்கிறது. அவருக்கு அந்தச் சுத்தமான பாட்டு வேண்டாம், இதுதான் வேண்டும். அதனால்தான் சொல்கிறேன், 'இந்தப் பாட்டுதான் போனில் இருக்கிறதே' என்று கேசட்டைக் குப்பையில் போடாதீர்கள். முழுசாக ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

இசைத்தட்டு எங்கே கிடைக்கும்? எப்படிப் பார்த்து வாங்குவது?

புதுச்சேரி காந்தி வீதியில் ஞாயிற்றுக்கிழமை சந்தை போடுவார்களே, அங்கே பழைய சாமான் பரப்பியிருப்பவர்களிடம் சில நேரம் கிடைக்கும். காலையிலேயே போக வேண்டும். உறை இல்லாத தட்டுகள்தான் அதிகம். தட்டைச் சாய்த்து வெயிலில் பிடியுங்கள். நகத்தை மேலே லேசாக ஓட்டினால் தட்டுப்படுகிற கீறல் என்றால் முள் தாவும். கண்ணுக்கு மட்டும் தெரிகிற கீறல் என்றால் பயமில்லை. வாங்கும் முன் நடுவில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். எழுதியவர் பெயர் போட்டிருக்கிற லேபிளைப் பார்த்தால் எனக்குத் தட்டை வைக்க மனசு வராது.

கழுவுவதில் ஒரு எச்சரிக்கை. 78 சுழற்சித் தட்டு அரக்கில் செய்தது. ஸ்பிரிட், சானிட்டைசர் எதுவும் அதன் மேல் படக்கூடாது; அரக்கு கரைந்துவிடும். ஒரு சொட்டு சோப்புக் கரைசல் கலந்த சுத்தமான தண்ணீரில் நனைத்த மென்மையான துணியால், லேபிள் நனையாமல், பள்ளம் போகிற திசையிலேயே வட்டமாகத் துடைத்தால் போதும். கீழே போட்டால் ஓடு மாதிரி உடையும் என்பதும் ஞாபகம் இருக்கட்டும். வினைல் அவ்வளவு பயப்படுத்தாது. ஆனால் வெயிலில் காரில் வைத்தால் அப்பளம் போல நெளிந்துவிடும். சித்திரை மாத மதியத்தில் எனக்கு அப்படி ஒன்று போனது.

எனக்குப் பிடித்த பாட்டை மற்றவர்களுக்கு அனுப்பினால் யாரும் கேட்பதில்லை. என்ன செய்யலாம்?

எனக்கும் இதுதான் நடந்தது. அக்கா மகனுக்கு ஒரே நாளில் நாற்பது பாட்டு அனுப்பினேன். ஒன்றைக்கூட அவன் திறக்கவில்லை. தப்பு என்னுடையது. நாற்பது பாட்டு வந்தால் அது வீட்டுப்பாடம் ஆகிவிடுகிறது.

ஒரு தடவை புதுச்சேரியிலிருந்து கடலூருக்குப் பஸ்ஸில் இரண்டு பேரும் வந்தோம். பெண்ணையாற்றுப் பாலம் வந்தபோது மேகம் கறுத்துவிட்டது. காதில் மாட்டும் ஒயரில் ஒன்றை அவனிடம் கொடுத்து, 'மழை தருமோ என் மேகம்' போட்டேன். ஒன்றே ஒன்று மட்டும் சொன்னேன்: "எஸ்பிபி இதுல கத்தவே இல்ல பாரு." மஞ்சக்குப்பம் வரும்வரை அதையே மூன்று தடவை கேட்டான். இறங்கும்போது, "யாரு மாமா மியூசிக்?" என்றான். இப்போது அவன் எனக்குப் பாட்டு அனுப்புகிறான்.

அதிலிருந்து நான் வைத்துக்கொண்ட பழக்கம்: ஒரு ஆளுக்கு ஒரு பாட்டு. முடிந்தால் பக்கத்தில் உட்கார்ந்து. எதைக் கேட்க வேண்டும் என்று ஒரு விஷயம் மட்டும் சொல்வது, புகழ்ந்து தள்ளாமல். பிறகு நான்கு பெயர்கள்: படம், எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர். இந்த நான்கையும் சொல்லும் ஒழுங்கை நான் இலங்கை வானொலியில் கற்றேன். அங்கே அறிவிப்பாளராக இருந்த பி. எச். அப்துல் ஹமீது ஒரு பெயரை உச்சரித்தால் அந்த ஆளுக்கு மரியாதை செய்தது மாதிரி இருக்கும். மறுநாள் "கேட்டியா, கேட்டியா" என்று துரத்தாதீர்கள். அவர்களுக்கு எப்போது அது தேவைப்படுமோ அப்போது கேட்பார்கள்.

கேட்டுவிட்டு 'சுமார்தான்' என்று சொல்லிவிட்டால்?

சரி என்று விட்டுவிடுங்கள். வலிக்கத்தான் செய்யும். எங்கள் மாடியில் ஒரே விதி, யாருடைய பாட்டையும் யாரும் மட்டம் தட்டக்கூடாது. பிடிக்கவில்லை என்றால் டீயைக் குடித்துக்கொண்டு சும்மா இருக்கலாம்.

பழைய பாட்டு மட்டும்தானா? சினிமாப் பாட்டு மட்டும்தானா?

இரண்டும் இல்லை. போன மாதம் கல்லூரிப் பெண் ஒருத்தி 'நம்மவர்' (1994) பாட்டைக் கொண்டுவந்து, மகேஷ் என்ற இசையமைப்பாளரைப் பற்றிப் பேசினாள். சினிமாவுக்கு வெளியே என்றால், தேவனாம்பட்டினத்துப் பெரியவர் ஒருவர் வந்து அம்பா பாட்டுப் பாடினார். கரைவலை இழுக்கும்போது ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் 'ஏலேலோ' போட்டு இழுக்கிற பாட்டு. உட்கார்ந்துகொண்டு பாட அவருக்கு வரவில்லை. எழுந்து நின்று, கையில் கயிறு இருப்பது போலப் பிடித்துக்கொண்ட பிறகுதான் பாட்டு வந்தது. அதைப் போனில் பதிந்து அவர் பேரனிடம் கொடுத்திருக்கிறோம்.

நாங்கள் புதுச்சேரி. வரலாமா?

தாராளமாக. 25 கிலோமீட்டருக்குள்தான், பஸ் அடிக்கடி உண்டு. புதுச்சேரிக்காரர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கையும் உண்டு: உங்கள் ஊர்ப் பாட்டைக் கொண்டுவாருங்கள். 'துன்பம் நேர்கையில்' உங்கள் பெருமாள் கோயில் தெருக் கவிஞர் பாரதிதாசனுடையது. அதற்குத் தேஷ் ராகத்தில் மெட்டமைத்தவர் தண்டபாணி தேசிகர். 'ஓர் இரவு' (1951) படத்தில் எம். எஸ். ராஜேஸ்வரியும் வி. ஜே. வர்மாவும் பாடுவார்கள். பாரதி 1908இலிருந்து பத்து வருஷம் உங்கள் ஊரில் இருந்தார். கண்ணன் பாட்டு அங்கே இருந்தபோது வந்த நூல். அதிலுள்ள 'பாயுமொளி நீ எனக்கு' பாட்டுக்கு 'ஏழாவது மனிதன்' (1982) படத்தில் எல். வைத்தியநாதன் போட்ட இசையைக் கேட்டிருக்கிறீர்களா? படத்தில் அது 'வீணையடி நீ எனக்கு' என்று வரும். கேட்டிராவிட்டால், வரும்போது உங்களுக்காகவே போடுகிறேன்.

பழைய பாட்டைப் பதிந்து எல்லாருக்கும் கொடுக்கலாமா? சட்டம் என்ன?

நம் பதிப்புரிமைச் சட்டத்தில் ஒலிப்பதிவுக்கு, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் உரிமை உண்டு. எழுத்துக்கும் மெட்டுக்கும் கணக்கு வேறு: அவரவர் வாழ்நாளும், மறைந்த பிறகு 60 ஆண்டுகளும். 'தென்னங்கீற்று ஊஞ்சலிலே' பதிவு 1960இல் வந்தது, அதனால் 2020 முடிவோடு அந்தப் பதிவின் காலம் முடிந்தது. ஆனால் ஜெயகாந்தன் 2015இல் மறைந்தார்; அவர் வரிகளுக்கு 2075 வரை உரிமை இருக்கிறது. ஆகவே நாங்கள் பாட்டை நகலெடுத்து யாருக்கும் கொடுப்பதில்லை. மாடியில் உட்கார்ந்து கேட்கிறோம், எங்கே கிடைக்கும் என்று சொல்கிறோம்.

நீங்களே தேடிக்கொண்டிருக்கும் பாட்டு ஏதாவது உண்டா?

உண்டு. அந்தத் தையல்கடை அண்ணன் கேசட்டின் இரண்டாம் பக்கத்தில் கடைசியாக இருக்கிறது. பெண் குரல், தனிப் பாட்டு. எழுபதுகளுக்கு முந்தைய குரல் மாதிரி இருக்கிறது. பல்லவி பாதியில்தான் பதிவு தொடங்குகிறது; அவர் ஓடிவந்து பட்டனை அழுத்தியிருப்பார் போல. முதல் இடையிசையில் கிளாரினெட். சரணத்தில் 'படித்துறை' என்ற வார்த்தை இரண்டு தடவை வரும், இரண்டாவது தடவை அந்தக் குரல் கொஞ்சம் கீழே இறங்கும். அந்த இறக்கத்துக்காகவே எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். பாட்டு முடிந்ததும் அறிவிப்பாளர் "இந்தப் பாடலைப் பாடியவர்" என்று ஆரம்பிக்கிறார். அதோடு ரீல் தீர்ந்துவிடுகிறது.

ஒவ்வொரு கூட்டத்திலும் கடைசியாக அதைப் போடுகிறோம். வயசானவர்கள் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள். மாடிப்படி ஏற முடியாதவர்கள் என்றால் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். அன்றைக்குக் கீழே கூடத்திலேயே வைத்துக்கொள்ளலாம்.